அறுந்த பெல்ட்டும் ஆராயாத காரணமும்

மாரி கழிந்து தை பிறந்துவிட்டால், திருகோணமலை நகரிலுள்ள வாகனத் திருத்தகங்களுக்கு ஓய்வில்லாத காலம் தொடங்கிவிடும். ஐப்பசியிற் கறுக்கும் வானம் மார்கழி வரை நன்கு வெளுப்பதில்லை. ஆண்டு முழுவதும் நம் பகுதியிற் பெய்யும் மழையின் பெரும்பங்கு இந்த மூன்று நான்கு மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. அந்நாட்களில் வெள்ளத்திலும் சேற்றிலும் ஓடி உழைத்த ஸ்கூட்டர்கள், வெயில் எறிக்கத் தொடங்கிய பின்னரே ஒவ்வொன்றாகத் தம் நோயை வெளியிடுகின்றன. அந்நோய்களுள் வீட்டாரைப் பெரிதும் சங்கடப்படுத்துவது பெல்ட் அறுதலாகும். இயந்திரம் முழங்கும், சில்லு அசையாது. எரிபொருள் இருக்கிறது, பொறி இருக்கிறது, வேகமும் கேட்கிறது. வண்டி மட்டும் நின்ற இடத்தைவிட்டுப் பெயர மறுக்கிறது.

“குடும்பப் பகுதியிற் பட்டறைச் சமாசாரம் எதற்கு?” என்று நேயர்கள் சிலர் வினவலாம். ஸ்கூட்டர் இன்று குடும்பத்தின் உடைமை என்பதே எமது விடை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாய், மருத்துவமனைக்கு விரையும் தாதி, வங்கிக்குச் செல்லும் எழுதுவினைஞர், பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் மாணவி ஆகிய பலரும் நம்பியிருப்பது இவ்வண்டியையே. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆந் தேதி, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை அவ்வழியே நகருக்கு வருவோர் பாதையின் வரவை எதிர்பார்த்து நீர்க்கரையிற் காத்து நின்றனர். இன்று அதே தூரத்தைப் பெண்கள் தனியாகவே ஸ்கூட்டரிற் கடந்து, கடமைக்குப் போய் அந்திக்குள் வீடு திரும்புகின்றனர். பாலம் தந்த இச்சுதந்திரம், சிறியதொரு கப்பியின்மேல் ஓடும் இறப்பர்ப் பட்டியொன்றில் தங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணமுமுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளிற் புதியது வாங்க நினைத்தவர்களும் பழையதையே பழுதுபார்த்து ஓட்டினர். ஆதலால் நம் வீதிகளில் ஓடும் ஸ்கூட்டர்களிற் பல, வயது முதிர்ந்தவை. முதிர்ந்த உடலுக்கு வைத்தியன் எவ்வளவு கவனத்தோடு மருந்து கொடுக்க வேண்டுமோ, அவ்வளவு கவனம் இவற்றுக்கும் வேண்டும்.

இங்கேதான் ஒரு வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெல்ட் அறுந்ததும் புதிய பெல்ட் வாங்குகிறோம், பூட்டுகிறோம், பணம் கொடுத்துவிட்டு வீடு செல்கிறோம். பழைய பெல்ட் ஏன் அறுந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி என்று மருத்துவர் சொல்வர். பெல்ட் அறுதலும் பெரும்பாலும் அத்தகையதே.

நம்மிடம் முன்னர்க் கற்று, இப்போது கிண்ணியாவுக்கு அப்பாலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியையாகக் கடமையாற்றும் ஒருவரின் வண்டியில் நிகழ்ந்ததைக் கூறினால் இது விளங்கும். மார்கழி மழையில் அவருடைய ஸ்கூட்டரின் பெல்ட் அறுந்தது. நகரத்துத் திருத்தகமொன்றில் அரைமணி நேரத்திற் புதியது பூட்டிக் கொடுத்தனர். தை மாதம் முடியுமுன், சீனக்குடாவைக் கடந்து வரும்போது, பொழுது சாயும் வேளையில் அப்புதிய பெல்ட்டும் அறுந்துவிட்டது. தெரு விளக்கில்லாத இடம். கைபேசியின் மின்சாரமும் குறைந்திருந்தது. அண்ணனொருவர் லொறியில் வந்து ஏற்றிச் செல்லும் வரை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அவர் வீதியோரத்தில் நின்றிருக்கிறார். மறுநாள் நமக்குத் தெரிந்த முதியதொரு திருத்துநரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் வண்டியைத் தொடுமுன் கேட்ட கேள்வி இதுதான்:

“முதல் அறுந்த பெல்ட் எங்கை, பிள்ளை?”

“அதைக் கடையிலையே விட்டிட்டன், ஐயா.”

“சாட்சியைக் குப்பையிலை போட்டிட்டு வழக்குப் பேச வந்திருக்கிறியள்” என்று சிரித்துக்கொண்டே, பையிற் கிடந்த இரண்டாவது பெல்ட்டின் துண்டுகளைக் கையிலெடுத்தார். ஒன்றை வளைத்துப் பார்த்தார்; பின் முகர்ந்து பார்த்தார். “ஒயில் மணக்குது” என்றார். மூடியைக் கழற்றியபோது, இயந்திரத்தின் தண்டு வெளியே வரும் இடத்திலுள்ள ஒயில் சீல் தேய்ந்து, எண்ணெய் துளித்துளியாகக் கப்பியில் தெறித்திருப்பது தெரிந்தது. எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கியது, வழுக்கியதாற் சூடேறியது, சூடேறியதால் அறுந்தது. அந்தச் சீலின் விலை பெல்ட்டின் விலையில் ஒரு சிறு பங்கே. அதை முதன்முறையே பார்த்திருந்தால் ஒரு பெல்ட் மிஞ்சியிருக்கும். ஓர் இளம்பெண் இருட்டிற் தனியே நிற்கவும் நேர்ந்திராது.

அம்முதியவர் முகர்ந்து கண்ட உண்மையின் விஞ்ஞானத்தை மாணவ நேயர்கள் நம் துறைமுகத்திலேயே கற்றுக்கொள்ளலாம். படகொன்று கரைசேரும்போது, கரையில் நாட்டியுள்ள இரும்புக் குற்றியில் தொழிலாளி கயிற்றை இரண்டு மூன்று முறை சுற்றுகிறான். பின்னர் கயிற்றின் நுனியை ஒரு கையால் இலேசாகப் பிடித்தபடி நிற்கிறான். மறுமுனையில் இழுப்பதோ பாரமான ஒரு படகு. அவனது கைவலிமையன்று அதைத் தடுத்து நிறுத்துவது; கயிற்றுக்கும் குற்றிக்கும் இடையிலுள்ள உராய்வேயாகும். 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோனார்ட் ஒயிலர் இதனை ஆராய்ந்து ஒரு சமன்பாடு தந்தார். சுற்று கூடக்கூட, பிடிப்பு கூட்டல் முறையிலன்றிப் பெருக்கல் முறையில் ஏறும் என்பதே அதன் சாரம். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், அரைச் சுற்றில் ஒரு முனையின் இழுவை மறுமுனையின் இழுவையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருக்கலாம். ஒரு முழுச் சுற்றில் ஆறரை மடங்கு. மூன்று சுற்றில் ஏறத்தாழ 285 மடங்கு!

கப்பியின்மேல் ஓடும் பெல்ட்டும் இக்கயிற்றைப் போன்றதே. ஆனால் பெல்ட் கப்பியை அரைச் சுற்றளவே தழுவ இயலும். இரண்டரை மடங்குப் பிடிப்போ போதாது. பழைய நெல் ஆலைகளில் அகன்ற தட்டைப் பெல்ட்டுகளை இறுக்கி இழுத்துக் கட்டியதும், அவை வழுக்காதிருக்கப் பிசின் பூசியதும் இக்குறையை ஈடுசெய்யவே. இதற்கு நல்ல பரிகாரமாக வந்தது, பக்கங்கள் சரிந்த ஆப்பு வடிவப் பெல்ட். அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஜோன் கேற்ஸ் என்பவர் 1917ஆம் ஆண்டில் இறப்பராலான அத்தகைய பெல்ட்டை உருவாக்கினார். மரம் பிளப்பவன் அடிக்கும் ஆப்பு எப்படிப் பிளவில் இறுகுகிறதோ, அப்படியே இப்பெல்ட்டும் கப்பியின் சரிந்த பள்ளத்தில் இறுகிக்கொள்கிறது. பள்ளத்தின் கோணம் 30 பாகையாயின், உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆனதுபோலாகும். அதே அரைச் சுற்றில் இரண்டரை மடங்காயிருந்த பிடிப்பு இப்போது 38 மடங்காக உயர்கிறது.

இனி இந்தக் கணக்கில் மழையைச் சேர்த்துப் பாருங்கள். நீரோ எண்ணெயோ புகுந்து உராய்வுக் குணகம் 0.3இலிருந்து 0.15ஆகப் பாதியாய்க் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பும் பாதியாகக் குறையும் என்றே எவரும் எண்ணுவர். அப்படியன்று. 38 மடங்காயிருந்தது ஆறு மடங்காக வீழ்ந்துவிடுகிறது. பெருக்கல் முறையில் ஏறியது பெருக்கல் முறையிலேயே இறங்குகிறது. ஆகவேதான் நேற்று வரை குறையின்றி ஓடிய வண்டி, ஒரு முழங்கால் வெள்ளத்தைக் கடந்ததும் திடீரென்று வழுக்கத் தொடங்குகிறது.

ஸ்கூட்டரின் பெல்ட்டுக்கு இன்னொரு கடமையுமுண்டு. கியர் மாற்றும் வேலையையும் அதுவே செய்கிறது. இயந்திரத்தின் தண்டில் ஒரு கப்பி; பின்புறம் ஒரு கப்பி. ஒவ்வொரு கப்பியும், ஒன்றையொன்று நோக்கிய இரண்டு கூம்புத் தட்டுகளாலானது. முன்கப்பிக்குள் ரோலர் எனப்படும் சிறு உருளைகள் உள்ளன. வேகம் கூடும்போது அவை வெளிப்புறமாக ஒதுங்கி, ஒரு தட்டை மற்றதன் பக்கம் தள்ளுகின்றன. இடைவெளி ஒடுங்கவே, பெல்ட் மேலேறிப் பெரிய வட்டத்தில் ஓடுகிறது. பின்கப்பியில் சுருளி வில்லொன்று தட்டுகளை நெருக்கிப் பிடித்திருக்கும். முன்னே பெல்ட் ஏறினால், பின்னே அவ்வில்லை அமுக்கிக்கொண்டு பெல்ட் உள்ளே இறங்குகிறது. சைக்கிளில் ஏற்றத்துக்கு ஒரு பற்சில்லும் சமதரைக்கு வேறொரு பற்சில்லும் வேண்டியிருப்பதை நாம் அறிவோம். இங்கே பற்சில்லு மாற்றமின்றி, இடையறாத ஒழுக்காய் அம்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஒல்லாந்து தேசத்துச் சகோதரர்களான வான் டோர்ன்களின் டாஃப் நிறுவனம், 1958ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய டாஃப் 600 என்னும் சிறு மோட்டார் காரில் இம்முறையைக் கையாண்டு புகழடைந்தது. இன்று உலகெங்கும் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களில் அம்முறையின் வழிவந்த பொறியே உள்ளது.

பனி பெய்யும் நாடுகளில், பனிமேலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்று அகன்ற டயர்கள் பூட்டிய நான்கு சில்லு வண்டிகள் உண்டு. அவற்றிற் பலவும் இதே பெல்ட்டினால் ஓடுபவை. குளிர்காலம் முழுவதும் பனியில் ஓட்டியபின் பெல்ட் அறுவது அங்கும் சாதாரணம். உருகிய பனிநீர் கப்பிக்குள் புகுதலும், பனியிற் புதைந்து சில்லு அசையாத நிலையில் இயந்திரத்தை முடுக்குதலும் அங்கே முக்கிய காரணங்கள். அத்தகைய வண்டிகள் சிலவற்றில் முன்கப்பியே கிளச்சாகவும் தொழிற்படுவதால், அசையாது நிற்கும் பெல்ட்டை அது ஓரிடத்தில் உரசித் தீய்த்துவிடுகிறது. நம் ஸ்கூட்டர்களிலோ கிளச் பெல்ட்டுக்குப் பின்னால் உள்ளது. சேற்றிற் புதைந்த ஸ்கூட்டரை முடுக்கினால் முதலில் வேகுவது கிளச். அதன் வெப்பம் ஒரே மூடிக்குள் இருக்கும் பெல்ட்டையும் வாட்டுகிறது. கனடாவிற் பனி, கிண்ணியாவிற் சேறு. காலநிலை வேறாயினும் நோய் ஒன்றே.

ஆகவே பெல்ட் அறுந்தால், அதன் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றை வாசிக்கக் கற்றுக்கொள்வது கடினமன்று.

பெல்ட்டின் சரிந்த பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கி இறுகியிருந்தால், அது நெடுநாள் வழுக்கியிருக்கிறது என்று பொருள். நீர் புகுந்திருக்கலாம், பின்கப்பியின் வில் தளர்ந்திருக்கலாம், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றியிருக்கலாம். பெல்ட் மென்மையாகி, ஊதி, எண்ணெய் மணத்தால், சீல் ஒழுகுகிறது. உட்புறப் பற்களின் அடியிற் குறுக்கு வெடிப்புகள் காணப்பட்டால், முதுமையும் வெப்பமுமே காரணம். காற்றோட்ட வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நார்நாராய்ப் பிய்ந்திருந்தால், கப்பித் தட்டிற் கீறலோ துருவோ இருக்கும். அல்லது பெயாரிங் தேய்ந்து கப்பிகள் நேர்கோடு தவறியிருக்கும். பக்கங்களெல்லாம் நன்றாயிருக்க, ஓரிடத்தில் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் அறுந்திருந்தால், பூட்டும்போது பெல்ட்டை மடித்துவிட்டார்களோ, உள்ளே கல் ஏதும் அகப்பட்டதோ என்று ஐயுற வேண்டும். பெல்ட்டின் உடல் பெரும்பாலும் செயற்கை இறப்பர். ஆயினும் அதன் உயிர் உள்ளே ஓடும் நார்களிலேயே இருக்கிறது. கூர்மையாக மடித்தால் அந்நார் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது.

நம் ஊருக்கேயுரிய இன்னொரு பகைவனையும் சொல்ல வேண்டும். அது உப்பு. உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்காற்று படாத வீடு அரிது. மாரியில் நனைந்த வண்டியை ஒரு மூலையிற் சாத்திவிட்டு, இரண்டு வாரம் தொடாது விட்டால், இரும்புக் கப்பித் தட்டுகளிற் செந்துரு படிகிறது. பின்னர் வண்டியை எடுத்து ஓட்டும்போது அத்துரு உப்புத்தாள்போல் பெல்ட்டை அராவுகிறது. ஓடிய வண்டியைக் காட்டிலும் ஓடாது நின்ற வண்டிக்குச் சில வேளைகளில் விரைவிற் பெல்ட் போவது இதனாலேயே.

இனிப் புதிய பெல்ட் பூட்டும் முறையைப் பார்ப்போம். நேயர்கள் எல்லாரும் ஸ்பனரைக் கையிலெடுக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. திருத்தகத்தில் அருகே நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தாலே போதும்.

முதலாவது, இயந்திரம் நன்றாக ஆற வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இடப்புற மூடியைக் கழற்றுவர். மூடியின் ஆணிகள் யாவும் ஒரே நீளமுடையவையல்ல. மூடியின் வடிவத்தை ஒரு மட்டையில் வரைந்து, கழற்றிய ஆணியை அதனதன் இடத்திற் குத்தி வைப்பது நல்ல திருத்துநரின் பழக்கம். மூடிக்குள் தங்கிய தூசியை வாயால் ஊதலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, முன்கப்பியின் நட்டைக் கழற்றும்போது கப்பி சுழலாதபடி பிடிக்க வேண்டும். அதற்கென்றே பிடிகருவி உண்டு. அதற்குப் பதிலாக ஸ்குரு டிரைவர் ஒன்றைக் கப்பியின் விசிறி இதழ்களுக்கிடையிற் செருகுவோரும் உளர். இதழ் முறிந்தால் பெல்ட்டைக் குளிர்விக்கும் காற்று குறையும். அடுத்த பெல்ட்டுக்கு அன்றே நாள் குறித்தாகிவிட்டது.

மூன்றாவது, அறுந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். முழுப் பெல்ட்டும் கணக்கிற்கு வந்ததா? வராவிட்டால் மீதி உள்ளேதான் இருக்கிறது. நார்கள் கிளச்சின் தண்டிற் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். இவ்வாறு எஞ்சிய துண்டு, ஓடும்போது பின்சில்லை இறுக்கிப் பிடித்துவிட்டால் ஆபத்து நேரும்.

நான்காவது, புதிய பெல்ட்டைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பொதியிலுள்ள இலக்கம் வண்டிக்குரியதுதானா? அகலமும் நீளமும் சரிதானா? ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலம் தேய்ந்தாலே பெல்ட்டை மாற்றச் சொல்கின்றன, உற்பத்தியாளரின் கையேடுகள். அப்படியிருக்கப் பூட்டும்போதே ஒடுக்கமான பெல்ட் பூட்டினால் வண்டி எப்படி ஓடும்? பெயர் பெற்ற பொருளின் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பற்றுச்சீட்டுத் தரத் தயங்கும் கடையில் பெல்ட் வாங்காதிருப்பதே நன்று.

ஐந்தாவதே மிக முக்கியமானது. கப்பித் தட்டுகளைத் துடைத்து, எண்ணெய்ப் பசையில்லாது உலர்த்திய பின், பெல்ட்டை முதலிற் பின்கப்பியின் தட்டுகளை விலக்கி ஆழமாக உள்ளே இறக்க வேண்டும். அப்போதுதான் முன்புறத்திற் பெல்ட் தளர்ந்து நிற்கும். அத்தளர்வு இல்லாமல் முன்கப்பியைப் பூட்டினால், தட்டுக்கும் நடுக்குழலுக்குமிடையிற் பெல்ட் நசுங்கிக்கொள்ளும். நட் இறுகிவிட்டது என்று கை சொல்லும்; உண்மையில் அது பெல்ட்டின்மேல் இறுகியிருக்கும். சிறிது தூரம் ஓடியதும் பெல்ட் மேலேற, நட் தளர, கப்பியும் தண்டும் சேர்ந்தே கெட்டுப்போகும். நட்டை இறுக்கிய பின், முன்கப்பியைக் கையாற் சுழற்றிப் பெல்ட் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே மூடியைப் பூட்ட வேண்டும். நட்டின் இறுக்கமும் கையேடு கூறும் அளவாக இருத்தல் வேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால், அது சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். மூடியைத் திறக்கும் கூலி ஒன்றுதானே! புதிய பெல்ட் பூட்டிய முதல் சில நாட்களுக்கு வண்டியை மெதுவாகவே ஓட்டுங்கள். புதுச்செருப்பு காலுக்குப் பழகுவதுபோல், பெல்ட்டும் கப்பிக்குப் பழக வேண்டும்.

பெல்ட் அறுமுன் எச்சரிக்கை செய்வதுமுண்டு. முடுக்கும்போது சத்தம் ஏறியும் வேகம் ஏறாமை, புறப்படும்போது நடுக்கம், கீச்சென்ற ஒலி, இறப்பர் தீயும் மணம் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும் தூரப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மழைக்காலத்திற் கால்வைக்கும் தட்டைத் தொடும் வெள்ளத்தில் வண்டியை இறக்க வேண்டாம். தவிர்க்க முடியாது இறக்கினால், மறுகரையில் உடனே வேகமெடுக்காது மெதுவாக ஓட்டி உலர விடுங்கள். மூடியின் அடியில் நீர் வடியும் துளையிருந்தால் அதைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பெல்ட் அறைக்குக் காற்றுப் புகும் வடிகட்டியையும் மாரி முடிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்விக்க வேண்டும். இவையாவும் அரைநாள் வேலைக்கு மேற்படா.

பெண்மக்களுக்கு ஒரு வார்த்தை. பட்டறையில் மூடியைத் திறந்து இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கும்போது, சேலை முந்தானையும் துப்பட்டாவும் நீண்ட கூந்தலும் அருகே செல்லலாகாது. முன்னாளில் நெல் ஆலைகளிற் பெல்ட்டில் உடை சிக்கி நேர்ந்த விபத்துகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிறிய பெல்ட்தானே என்று அசட்டை செய்தல் தகாது.

பட்டறைக்காரர் அனைவரையும் குறைகூறுவது எமது நோக்கமன்று. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார், அவர்களும் அவசரமாகச் செய்கிறார்கள். “எவ்வளவு நேரத்தில் முடியும்? எவ்வளவு பணம்?” என்ற இரண்டு கேள்விகளையே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். மூன்றாவதாக, “ஏன் அறுந்தது?” என்ற கேள்வியையும் கேட்போமாயின், அதற்கு விடை சொல்லக்கூடிய திருத்துநர்கள் நம் ஊரிற் பெருகுவர். கேட்பார் இருந்தாற்றான் கற்பாரும் இருப்பர். இது பட்டறைக்கு மட்டுமன்று, வகுப்பறைக்கும் பொருந்தும். பரீட்சையில் மகன் குறைந்த புள்ளி பெற்றால் உடனே இன்னொரு தனியார் வகுப்பிற் சேர்த்துவிடுகிறோமே, அதுவும் ஒயில் சீலைப் பாராமற் பெல்ட் மாற்றுவது போன்றதுதான்.

தாய்மார்களே, தந்தைமார்களே, இவ்வாரம் ஓய்வு கிடைக்கும்போது வீட்டு ஸ்கூட்டரின் கையேட்டை எடுத்து, பெல்ட்டை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், எத்தனைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைப் பார்த்து, நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால், அறுந்த பெல்ட்டொன்றை அப்பிள்ளையின் கையிற் கொடுத்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒயிலரின் சமன்பாடு அப்போது புத்தகத்திலிருந்து எழுந்து வீட்டு முற்றத்துக்கு வந்து சேரும். அடுத்த மாரியில் அம்மாவும் அக்காவும் நேரத்தோடு வீடு வந்து சேர்வர்.